சுத்த பேஜாரு

ஜெயம் ஒரு பொருள் வாங்கப் போகிறாள் என்றால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். தெருவில் உள்ள அத்தனை பேரிடமும் அதைப் பற்றி முதலில் விசாரித்திருப்பாளே! மிக்ஸி வாங்க நினைத்தபோது பதினொரு வீட்டு மிக்ஸிகள் ஓடும் சத்தத்தைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள். விசாரணை முடிந்து அவள் ஒரு முடிவுக்கு வந்த அன்று, அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டிருந்தது.

"இத்தினி விசாரிக்கிறியே, என்ன கட்டிக்கிறதுக்கு முன்னாடி எத்தினி வீட்ல விசாரிச்ச?" என்று அவள் கணவர் இருதயராஜ் இன்றைக்கும் கேட்பார்.

"அந்த ஒரு தபாதான் விசாரிக்காம வுட்டேன்" என்பாள் ஜெயம். "அதுலேர்ந்துதான் இந்தப் பழக்கமே வந்துச்சி."

அவளுடைய தொழில் அப்படி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் எடுப்பதைவிட மனு எழுதுவதும் படிவம் நிரப்புவதும்தான் அங்கே அதிகம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவளுக்கு மனசு ஆறாது. "பொருந்தாது" என்றாவது எழுதினால்தான் பேனாவை மூடுவாள். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொன்னதை வேதவாக்காக வைத்திருந்தாள்: ஒற்று போடாமல் எழுதுகிறவன் உப்பு போடாமல் சமைக்கிறவன்.

இப்படிப்பட்டவள்தான் யாருமே கேள்விப்படாத ஒரு கம்பெனியின் யுகுலேலேயை வாங்குவதா வேண்டாமா என்று நான்கு நாளாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தாள்.

வந்த வினை பென் டிரைவால் வந்தது. விழுப்புரத்தில் அவர்கள் பங்குக் கோயிலின் பாடற்குழுவை இருபத்திரண்டு வருடமாக ஜெயம்தான் நடத்துகிறாள். ஏழு பெண்கள். நல்ல குரல்கள்தான். ஆனால் கீபோர்டு வாசித்த பையன் ஓசூரில் வேலை கிடைத்துக் கீபோர்டோடு போய்விட்ட பிறகு, அந்தக் குரல்களைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. வருகைப் பாட்டு தரையில் தொடங்கும். இரண்டாவது சரணத்தில் மாடிப்படி ஏறும். மூன்றாவது சரணத்தில் மணிக்கூண்டில் நின்றுகொண்டு இறங்க வழி தெரியாமல் கத்தும். முதலில் ஏறுகிறவள் எப்போதும் ஜெயத்தின் நாத்தனார் இளவரசி. அவள் ஏறினால் மற்ற ஆறு பேரும் பின்னாலேயே ஏறிவிடுவார்கள்.

புதிதாக வந்த பங்குத்தந்தை பொறுமைசாலி. ஏழு ஞாயிறு பொறுத்தார். எட்டாவது ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெயத்தைக் கூப்பிட்டு, அங்கியின் பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இதுல நூத்தி நாப்பது பாட்டு இருக்கும்மா. ஏறாது, எறங்காது, இருமாது."

"நாங்க என்ன பண்றது ஃபாதர்?"

"எல்லார் கூடவும் உக்காந்து பூசை பாருங்க. நான் உங்கள வேணாம்னு சொல்லல. திருவிழா ஞாயிறு வரைக்கும் டைம் எடுத்துக்குங்க. ஏதாவது ஒரு வாத்தியத்தக் கொண்டாங்க. ஆரம்பிச்ச எடத்துலயே பாட்ட முடிங்க. இல்லன்னா அன்னிலேர்ந்து இதான்."

ஜெயத்துக்கு ஆர்மோனியம் தெரியாது, கீபோர்டு தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. போன வருடம் குயிலாப்பாளையத்தில் இருக்கும் அக்காவுக்கு ஆபரேஷன் ஆனபோது, ஒரு மாதம் அங்கே போய் இருந்தாள். அக்கா ஆரோவில்லில் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரம்மா தினமும் சாயங்காலம் பார்க்க வருவார். கையில் குட்டி கிட்டார் போல ஒன்று. நான்கு நரம்பு, மடியில் உட்காரும் குழந்தை அளவு. அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது, ஜெயத்துக்குப் பிரெஞ்சு வராது. பேச்சுக்குப் பதிலாக விரல்களை எடுத்து நரம்பில் வைத்துக் காட்டிக் காட்டியே நான்கு பிடிகள் சொல்லிக் கொடுத்துவிட்டார். சி, எஃப், ஜி செவன், ஏ மைனர். கோயில் பாட்டில் முக்கால்வாசி அந்த நாலுக்குள் அடங்கிவிடும் என்பதை ஜெயம் ஊருக்கு வந்ததும் பாட்டுப் புத்தகத்தை வரிசையாகப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"அது பேரு இன்னா?" என்று கேட்டார் இருதயராஜ்.

"யுகுலேலே."

"வாத்தியம் பேரு கேட்டா குலவ போடுறியே?"

பேர் பெற்ற கம்பெனிகளின் யுகுலேலே ஏழு பெண்களும் சேர்த்துப் போட்ட தொகைக்கு எட்டவில்லை. எட்டியது ஒன்றுதான். செல்போனில் கடை ஆப்பைத் தமிழில் மாற்றிவைத்திருந்தாள் ஜெயம். படத்தில் தேன் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. அதன் கீழே கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் ஆப் மொழிபெயர்த்திருந்தது: "பேஜாரு யுகுலேலே, மர நிறம், பையுடன்."

இளவரசி தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி! பேஜாராமே! காசு குடுத்து யாராவது பேஜார வாங்குவாங்களா? நம்ம வூட்ல ஃப்ரீயாவே ஒண்ணு கீதே" என்று அண்ணனைக் காட்டினாள்.

"அது இங்லீஷ்ல பேஜாரோ. எதோ ஒரு நாட்டுல ஊரு பேரா இருக்கும். சிரிக்காத" என்றாள் ஜெயம்.

மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் கருத்துகள். இதற்கு ஒன்றே ஒன்று. எழுதியவர் பெயர்: சவுரி மோட்டார்ஸ், திண்டிவனம். ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்று. அதற்கு நேராக இரண்டே சொற்கள்.

"சுத்த பேஜாரு."

அங்கேதான் ஜெயம் மாட்டிக்கொண்டாள். இதற்கு என்ன அர்த்தம்? சுத்த நெய் என்றால் கலப்படம் இல்லாத நெய். அந்தக் கணக்கில் இது அசல் பேஜாரு, போலி இல்லை, நம்பி வாங்கலாம். ஆனால் சுத்த மோசம் என்றால் மோசத்திலும் மோசம். அந்தக் கணக்கில் இது தலைவலி, கிட்டே போகாதே. 'சுத்த' என்ற சொல், நல்லதற்கு முன்னால் நின்றால் நல்லது. கெட்டதற்கு முன்னால் நின்றால் கெட்டது. ஆகவே இந்தப் பேஜாரு நல்லதா கெட்டதா என்று முதலில் தெரிந்தால்தான் இந்தக் கருத்து புரியும். இந்தக் கருத்து புரிந்தால்தான் பேஜாரு நல்லதா கெட்டதா என்று தெரியும்.

நட்சத்திரமாவது ஒரு பக்கம் சாய்ந்ததா? அதுவும் இல்லை. ஒன்று போட்டிருந்தால் திட்டு, ஐந்து போட்டிருந்தால் பாராட்டு. மூன்று என்பது மதில்மேல் பூனை.

"ஒரு ஒற்று போட்டிருந்தாக்கூட எதாவது தெரிஞ்சிருக்குமா?" என்று வாய்விட்டே யோசித்தாள். 'சுத்தப் பேஜாரு' என்று எழுதிப் பார்த்தாள். ஒற்று போட்டும் இரண்டு அர்த்தமும் அப்படியே நின்றன. தமிழய்யா வாழ்க்கையில் முதல்முறையாக அவளைக் கைவிட்டார்.

"ஒண்ணு வாங்கு, இல்ல வுடு" என்றார் இருதயராஜ். "ரெண்டு வார்த்தைக்கு நாலு நாளா? ஞாயித்துக்கெழமை திருவிழா. வெள்ளிக்கெழமை வந்து உன் விசாரண முடியும், அந்தக் கம்பெனியும் மூடிட்டிருப்பான். மிக்ஸி ஞாபகம் இருக்கட்டும்."

"ஏழு பேரு போட்ட காசு. தப்பா வாங்கிட்டு வந்து நின்னா எந்த மூஞ்ச வெச்சிக்கினு பாடுறது?"

"பென் டிரைவ் வந்தா எப்படியும் பாட வேண்டியதில்லையே."

இந்தப் பேச்சு ஜெயத்துக்குச் சுருக்கென்று தைத்தது. புதன்கிழமை காலையில் கடைக்கதவில் 'இன்று விடுமுறை. காரணம்: சொந்த வேலை. மீண்டும் திறக்கும் நாள்: நாளை' என்று எழுதி ஒட்டிவிட்டு, இளவரசியைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள். எழுதினவரையே நேரில் கேட்டுவிடுவது என்று முடிவு.

பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர் இவர்கள் பேச்சை ஒட்டுக் கேட்டார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் அவரும் விசாரணைக் கமிஷனில் உறுப்பினர் ஆகிவிட்டார்.

"சுத்த பேஜாருன்னா திட்டுதாம்மா. இதுல இன்னா சந்தேகம்?"

"அப்போ சுத்த சைவம்னு போர்டு வெக்கிறானே, அது திட்டா?" என்றாள் ஜெயம்.

"அது எவன் படிக்கிறான்றதப் பொறுத்து" என்றார் கண்டக்டர்.

முன் சீட்டில் வேர்க்கடலை மூட்டையைக் காலுக்கிடையில் வைத்திருந்த பெரியவர் திரும்பினார். "இன்னாம்மா பொருளு?"

"ஒரு வாத்தியங்க. அதும் பேரே பேஜாரு."

"நல்ல கம்பெனிம்மா. வாங்கு."

"எப்படிங்க சொல்றீங்க?"

"நான் மோட்டாரு வாங்குனேன், பேரு அமிர்தம். மருந்து வாங்குனேன், பேரு சஞ்சீவி. ரெண்டும் கவுத்துடுச்சி. பேஜாருன்னு உண்மையச் சொல்லி விக்கிறான் பாரு, அவன் யோக்கியன்."

ஜெயம் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

பைபாஸில் இறக்கிவிட்டுப் பஸ் சென்னைக்குப் பறந்தது. ஷேர் ஆட்டோ பிடித்துச் செஞ்சி ரோட்டில் நான்கு பேரைக் கேட்டுக் கடையைக் கண்டுபிடித்தார்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை. வாசலெங்கும் வயிறு திறந்த மோட்டார்கள், உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாசனை. சரிசெய்து வைத்த ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும் 'சவுரி மோட்டார்ஸ்' என்று மஞ்சள் ஸ்டிக்கர்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வந்தார். கடைக்காரர் சவுரிராயனின் மனைவி பூமாலை.

"அவுரு முருக்கேரி பக்கம் போர்வெல்ல மோட்டார் தூக்கப் போயிக்கீறாரு. வந்துருவாரு. இன்னா மோட்டாரும்மா? ஒன் எச்பியா?"

"மோட்டார் இல்லக்கா. அவரு ஒரு யுகுலேலே வாங்குனாரே, அதப் பத்தி."

பூமாலை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எதும் போலீஸ் கேஸா?"

"ஐயோ இல்லக்கா. அவரு எழுதுன ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்க வந்தோம்."

"எழுதுனாரா? அவரா? கடைசியா அந்த மனுசன் எழுதுனது எங்க கல்யாண ரிஜிஸ்டர்ல கையெழுத்து. அதுக்கே எனக்கு இன்னும் அர்த்தம் தெரியல."

சொல்லிக்கொண்டே உள்ளே போய், காலண்டர் ஆணியில் மாட்டியிருந்த யுகுலேலேயைக் கழற்றிக்கொண்டு வந்தார். படத்தில் பார்த்த அதே தேன் நிறம். அதன் தலையிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்: சவுரி மோட்டார்ஸ். ஜெயம் நரம்புகளை ஒருமுறை வருடினாள். நான்கும் நான்கு ஊருக்குப் போயின.

"ஒரு வருசமா ஞாயித்துக்கெழமையானா இத எடுத்து வெச்சிக்கினு குந்துவாரு" என்றார் பூமாலை. "பாட்டு ஒரு நாளும் வரல. அவரு பல்லக் கடிக்கிற சத்தந்தான் வருது. வேணும்னா எடுத்துக்கினு போங்கம்மா. காசு ஒண்ணும் வேணாம். எனக்கு ஒரு ஆணி மிச்சம்."

இளவரசி ஜெயத்தின் விலாவில் இடித்தாள். இடித்தது முதுகெலும்பு வரைக்கும் கேட்டது. "எட்த்துக்கினு கெளம்பு அண்ணி. ஜல்தி."

"என்னா கொறைன்னு தெரியாம எப்படி எடுத்துக்கினு போறது?" என்றாள் ஜெயம். "சும்மா குடுத்தாலும் வாங்கறது வாங்கறதுதான்."

இளவரசி வானத்தைப் பார்த்தாள்.

அரை மணி நேரத்தில் டிவிஎஸ் வண்டியின் பின்னால் சேறு ஒழுகும் மோட்டாரைக் கட்டிக்கொண்டு சவுரிராயன் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வார்னிஷ் படிந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே ஜெயம் நீட்டிய செல்போனைத் தூரப்பிடித்துப் படித்தார்.

"ஆமாம்மா, நான் போட்டதுதான். எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு அந்த ஆப்புக்காரன் தெனம் கேட்டுக்கினே இருந்தான். மாமியாகூட அவ்ளோ அக்கறையாக் கேட்டதில்ல. சரின்னு எழுதி வுட்டேன்."

"எந்த அர்த்தத்துலண்ணே எழுதுனீங்க?"

"எந்த அர்த்தத்துலன்னா? உள்ளத எழுதுனேன்."

"இல்லண்ணே. சுத்தன்னா அசலுன்னு எழுதுனீங்களா, இல்ல முழுசா மோசம்னு எழுதுனீங்களா?"

கரண்டு இல்லாமல் மோட்டார் ஓடுமா என்று கேட்ட ஆளைப் பார்ப்பதுபோல அவர் ஜெயத்தைப் பார்த்தார்.

"சுத்தன்னா சுத்தறதும்மா."

"அதான், எந்தச் சுத்தம்?"

"சுத்தம் இல்லம்மா, சுத்தறது!" கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் திருகிக் காட்டினார். "இந்தத் தலையில சாவி நாலு இருக்குது பாரு? இத சுத்த பேஜாரு. கையி வலிக்குது. மத்தபடி ஒரு கொறையும் இல்ல, மரம் நல்ல மரம், சத்தம் நல்ல சத்தம். அதான் மூணு ஸ்டார். சாவிக்கு ரெண்ட கொறைச்சிட்டேன்."

இளவரசி சிரிக்கத் தொடங்கினாள். நிற்க முடியாமல் ஒரு மோட்டார்மேல் உட்கார்ந்து சிரித்தாள். ஜெயம் நோட்டைப் பிரித்தபடி நின்றாள். இரண்டு அர்த்தத்துக்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, பஸ் கண்டக்டர் வரைக்கும் சாட்சி எழுதி வைத்திருந்தாள். காலை முதல் இரவு வரை செம்புக் கம்பி சுற்றுகிறவருக்குச் 'சுத்த' என்றால் வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ பேஜாருன்னு கம்பெனி பேரச் சொல்லலியா நீங்க?"

"கம்பெனி பேரா? அத எவன் பாத்தான்?"

ஜெயம் மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிள்ளி மெல்ல உரித்தாள். அடியில் பொன் எழுத்தில் இருந்ததைச் சவுரிராயன் எழுத்தெழுத்தாகக் கூட்டினார். "பி... இ... பே. ஜா... ரோ." நிமிர்ந்தார். "அடப்பாவி! எழுதியே வெச்சிக்கீறான் பூமால! நாந்தான் பாக்காம வாங்கிட்டேன்!"

ஜெயம் சாவியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினாள். கல்லாக இருந்தது. சாவியின் முனையைத் திருப்பிப் பார்த்தபோது, குயிலாப்பாளையத்து வெள்ளைக்காரம்மா எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தது நினைவுக்கு வந்தது. சாவியின் முனையில் பொடியாக ஒரு ஸ்க்ரூ.

"அண்ணே, இந்த ஸ்க்ரூவ முடுக்கினீங்களா?"

"வந்த அன்னிக்கே முடுக்கிட்டேன். நாலும் லூசா இருந்துச்சி. ஒரு ஸ்க்ரூ லூசா இருந்தா எனக்கு சோறு எறங்காது."

"எவ்ளோ முடுக்குனீங்க?"

"மோட்டாருக்கு முடுக்குற மாதிரிதான். நம்ம கடைய வுட்டுப் போனதுல இதுவர ஒரு போல்ட்டு கழண்டதில்ல" என்றார் பெருமையாக.

"அரை சுத்து லூசாக்குங்கண்ணே."

"லூசாக்கணுமா?" ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல் முகம் சுளித்தார். ஆனாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சோடு நான்கையும் அரைச்சுற்று தளர்த்தினார். ஜெயம் சாவியைத் தொட்டாள். வெண்ணெயில் கத்தி போனதுபோல் திரும்பியது. நான்கு ஊருக்குப் போயிருந்த நரம்புகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கூப்பிட்டாள். பிறகு சி பிடித்து மீட்டினாள்.

கடைக்குள் இருந்த அத்தனை இரும்பும் செம்பும் ஒரு நொடி காது கொடுத்ததுபோல் இருந்தது.

"இளவரசி, காணிக்கைப் பாட்டு எடு."

இளவரசி எடுத்தாள். இரண்டாவது வரியிலேயே வழக்கம்போல மாடிப்படியில் கால் வைத்தாள். ஜெயத்தின் விரல்கள் எஃப் பிடியை அழுத்தின. குரலும் நரம்பும் உரசிக்கொண்டன, இளவரசி திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள், இறங்கி வந்துவிட்டாள். முளையில் கட்டிய கன்றுக்குட்டி கயிற்றின் நீளத்துக்கு ஓடிவிட்டுத் திரும்புவதுபோல ஒவ்வொரு வரியிலும் ஓடினாள், திரும்பினாள். பாட்டு ஆரம்பித்த இடத்திலேயே முடிந்தது.

"அண்ணி, நான் இப்படியா ஏறுறேன் இவ்ளோ வருசமா?" என்றாள் மெதுவாக.

சவுரிராயன் யுகுலேலேயை வாங்கி ஒரு சாவியைத் திருகினார். திரும்பியது. இந்தப் பக்கம் திருகினார். திரும்பியது. ஒரு நரம்பைச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். முகத்தில் பத்து வயசு குறைந்தது. "வாழ்க்க முழுக்க ஷாக் அடிக்கிற கம்பியோட மாரடிச்சிட்டேன். ஷாக் அடிக்காத கம்பி ஒண்ணு வேணும்னுதான் இத வாங்குனேன்" என்றார்.

"அண்ணே" என்று ஆரம்பித்தாள் ஜெயம், "இத எடுத்துக்கினு போகச் சொல்லி அக்கா சொன்னாங்க."

அவர் அதை மார்போடு சேர்த்துக்கொண்டார். "எத? இதயா? யாரு சொன்னா?"

"அது சுத்தாதப்போ சொன்னது" என்றார் பூமாலை. "இனிமே அவரு கையிலேர்ந்து யாரு புடுங்குறது?"

இளவரசிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அரை சுத்து! அந்த அரை சுத்த நம்ம வூட்டுக்குப் போயி சுத்தியிருக்கக் கூடாதா அண்ணி? யாராவது கடையில குந்திக்கினு ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு அப்புறம் கேப்பாங்களா?"

ஆனால் ஜெயத்தின் விசாரணை முடிந்துவிட்டது. மரம் நல்ல மரம், சத்தம் நல்ல சத்தம், குறை முடுக்கினவர் கையில். வாங்கலாம். வாழ்க்கையிலேயே முதல்முறையாக நோட்டைப் பார்க்காமல் செல்போனை எடுத்துப் பட்டனை அழுத்தினாள். பணம் போனது. பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. அதன் கீழே எழுத்து வந்தது: திங்கட்கிழமை வந்து சேரும்.

நேற்று வரைக்கும் சனிக்கிழமை என்று காட்டிய பக்கம் அது.

ஜெயம் இளவரசிக்குப் பக்கத்தில், இன்னொரு மோட்டார்மேல் உட்கார்ந்தாள். திருவிழா ஞாயிற்றுக்கிழமை. மிக்ஸி இப்போது யுகுலேலே உருவத்தில் வந்து அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. "இருவத்திரண்டு வருசம்" என்றாள் யாருக்கோ சொல்வதுபோல. "நேத்து அழுத்தியிருந்தா வந்திருக்கும்." கண் கலங்கிவிட்டது.

என்ன ஏது என்று சவுரிராயன் கேட்டார். பென் டிரைவ் கதையை இளவரசிதான் சொன்னாள்.

"பாட்டுக்கு பென் டிரைவா?" என்றார் அவர். "அப்போ சாமி கும்புடறதுக்கும் ஒரு பென் டிரைவ் வெச்சிட்டு எல்லாரும் வூட்லயே இருக்கலாமே?" யுகுலேலேயைப் பார்த்தார். ஜெயத்தைப் பார்த்தார். "இத நான் குடுக்க மாட்டேம்மா. தனியா அனுப்பவும் மாட்டேன். ஆனா ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு. நானும் கூட வந்தா, இதுவும் வரும்."

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சவுரிராயன் வெள்ளை வேட்டியில் கோயிலுக்கு வந்து இறங்கினார். யுகுலேலே ஒரு பழைய ஃபேன் பெட்டிக்குள் வைக்கோலுக்கு நடுவே படுத்திருந்தது. பூமாலை பட்டுப்புடவை. சவுரிராயனின் சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் நீட்டிக்கொண்டிருந்ததை ஜெயம் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, அத எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"அது இல்லாம எனக்கு சட்ட போட்ட மாதிரியே இருக்காது."

"தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கோயிலுக்குள் சத்தியம் பண்ணக் கூடாது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

வருகைப் பாட்டு தரையில் தொடங்கித் தரையில் முடிந்தது. ஏழு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பீடத்திலிருந்து ஃபாதரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிரசங்கத்தின்போது சவுரிராயனின் பார்வை சாவியிலேயே நிற்பதையும், கை சட்டைப்பைக்குப் போவதையும் ஜெயம் மூன்றுமுறை கண்ணால் தடுத்தாள்.

காணிக்கைப் பாட்டில்தான் சோதனை வந்தது. முதல் சரணம் முடிகிற இடத்தில் மூன்றாம் நரம்பு மெல்ல இறங்குவதை அவள் காது பிடித்தது. தளர்த்திய ஸ்க்ரூ, கோயில் கூட்டத்தின் புழுக்கம், புது உழைப்பு. சாவி தானாகவே பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. ஒரு கையால் திருகி ஏற்றினாள். விட்டதும் மறுபடி நழுவியது. இளவரசியின் குரல் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறியது, கண்கள் விரிந்தன, மாடிப்படி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது சரணத்துக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

ஜெயம் சவுரிராயனைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

அவர் ஒரு வருடமாக அந்தத் தலையாட்டலுக்காகவே காத்திருந்தவர்போல முழங்காலில் நகர்ந்து வந்தார். ஜெயம் நரம்பை ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். கால் சுற்று. அவர் கை இன்னும் ஒரு கால் சுற்றுக்குத் துடித்தது அவளுக்குத் தெரிந்தது. "போதும்" என்றாள் உதடு அசையாமல். அவர் பெருமூச்சோடு கையை எடுத்தார். நரம்பு நின்றது. இளவரசி இரண்டாவது சரணத்தை எடுத்தாள். கயிறு நீளத்துக்கு ஓடினாள், திரும்பினாள்.

பூசை முடிந்ததும் ஃபாதர் பென் டிரைவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார்.

"ஆரம்பிச்ச எடத்துலயே முடிச்சிட்டீங்கம்மா" என்றார். "பரவால்ல. இதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க லீவு போடுற அன்னிக்கு உதவும்."

"நாங்க லீவு போட மாட்டோம் ஃபாதர்" என்றாள் இளவரசி. "அது வேணும்னா லீவு எடுத்துக்கட்டும்."

ஃபாதர் சிரித்துக்கொண்டே அதை அங்கிப் பைக்குள் போட்டார். பிறகு சவுரிராயன் பக்கம் திரும்பி, வாத்தியம் யாருடையது, எந்தக் கம்பெனி என்று விசாரித்தார்.

"பேஜாரு, சாமி" என்றார் சவுரிராயன். பங்குத்தந்தையிடம் யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை. இருதயராஜ் குறுக்கே விழுந்து விளக்க வேண்டியதாயிற்று.

பிரியாணிப் பந்தியில் சவுரிராயன் தன் செல்போனை ஜெயத்திடம் நீட்டினார். "நீதான் எழுத்து வேல பாக்குறவ. நான் எழுதுனத மாத்திக் குடும்மா. அஞ்சு ஸ்டார் போடு. இப்போ சுத்த பேஜாரு இல்லன்னு எழுது."

ஜெயம் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்த முறை உலகத்தில் யாரும் தப்பாகப் படிக்கக் கூடாது. யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்: 'சுற்றப் பேஜாரு இல்லை.' றகரமும் போட்டாள், ஒற்றும் போட்டாள். தமிழய்யா பார்த்தால் முதுகில் தட்டியிருப்பார்.

சவுரிராயன் தூரப்பிடித்துப் படித்தார். "சுற்றவா? எந்த ஊர்ல இப்படிப் பேசுறாங்க? கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்குதே. நான் எழுதுனதுன்னு எவன் நம்புவான்?" ஜெயம் விளக்குவதற்குள் ஆள் வந்து பாயசம் ஊற்றிவிட்டான், பேச்சு மாறிவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் ஜெராக்ஸ் கடைக்குப் பார்சல் வந்தது. பிரிப்பதற்கு முன்னால் பில்லையும் படத்தையும் ஒத்துப் பார்ப்பதற்காக ஜெயம் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சவுரி மோட்டார்ஸ், திண்டிவனம். ஐந்து நட்சத்திரம். அவள் போட்ட றகரமும் இல்லை, ஒற்றும் இல்லை; அவரே திருத்தியிருந்தார்.

"சுத்த பேஜாரு இல்ல."

அதன் கீழே பண்ருட்டியிலிருந்து யாரோ காலையிலேயே கேள்வி கேட்டிருந்தார்கள்: "அப்போ இது டூப்ளிகேட்டா?"

ஜெயம் பார்சலை மேசைக்கு அடியில் தள்ளினாள். வரிசையில் நின்றவர்களைப் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு பண்ருட்டிக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். மூன்று பத்தி வந்தது.